குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் உதவுமா? ஆட்டிசம், ஏடிஹெச்டி பிள்ளைகளின் பெற்றோருக்குக் கைப்பேசியில் கிடைக்கும் மனநல உதவிகள்: ஒரு மதிப்பீடு

மனநலச் செயலி எதைத் திறந்தாலும் முதல் வரி பெரும்பாலும் ஒன்றுதான்: அமைதியான இடத்தில் உட்காருங்கள், கண்களை மூடிக்கொள்ளுங்கள். கேட் தாழ்ப்பாளைத் திறக்கக் கற்றுக்கொண்ட ஆறு வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் கண்ணை மூட முடியாது. மூடித் திறந்தால் பிள்ளை தெருவில் நிற்கும். ஆட்டிசம், ஏடிஹெச்டி (கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் சேர்ந்த வளர்ச்சிக் குறைபாடு) உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்குப் பரிந்துரைக்கப்படும் டிஜிட்டல் உதவிகள் பலவும் இந்த முதல் வரியிலேயே தோற்றுவிடுகின்றன.

அதனால் இங்கே அளவுகோல் வேறு. குக்கர் மூன்று விசில் அடிக்கிற நேரத்துக்குள் ஏதாவது பயன் உண்டா? கண்ணைத் திறந்தபடி, ஒரு கையில் பிள்ளையைப் பிடித்தபடி செய்ய முடியுமா? நடுவில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாமா? நிலைமை கைமீறினால் ஒரு மனிதரிடம் கொண்டுபோய்ச் சேர்க்குமா? பேசப்போவது பிள்ளையின் தெரபியைப் பற்றி அல்ல, பெற்றவர்களின் மனசைப் பற்றி. இந்தக் கேள்விகளில் தேறியவை இரண்டு. பாதி தேறியது ஒன்று. மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

முதலில் 14416. மத்திய அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை. 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று தொடங்கியது. தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இதற்குத் தலைமை நிறுவனம். கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் உண்டு, தமிழில் பேசலாம். முதலில் எடுப்பவர் ஆலோசகர். அவரால் தீர்க்க முடியாததை மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் அடங்கிய அடுத்த அடுக்குக்கு அனுப்புவார், அல்லது மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் நேரில் போகச் சொல்வார். 2024 அக்டோபரில் செயலியும் காணொலி ஆலோசனையும் சேர்ந்தன. காணொலி முதலில் தொடங்கிய மூன்று இடங்களில் தமிழ்நாடும் ஒன்று. ஆனால் நேராகக் காணொலிக்குப் போய்விட முடியாது. முதலில் குரல் அழைப்பு, அதன் தொடர்ச்சியாகத்தான் காணொலி.

இந்தச் சேவையின் பெரிய பலம், இரவு இரண்டு மணிக்கும் ஒரு மனிதக் குரல் எடுக்கும் என்பது. பெரிய பலவீனமும் மனிதர்தான். முதல் அடுக்கு ஆலோசகர் எல்லாவிதமான மனக்கஷ்டத்துக்கும் பொதுவாகப் பயிற்சி பெற்றவர். பரீட்சை பயத்தில் அழும் மாணவரிடம் பேசி முடித்த கையோடு உங்கள் அழைப்பை எடுப்பார். ஆட்டிசம் என்ற சொல் காதில் விழுந்ததும் பேச்சு தானாகப் பிள்ளையின் பக்கம் ஓடும்: எந்த வயசில் கண்டுபிடித்தீர்கள், ஸ்பீச் தெரபி போகிறதா, ஆக்குபேஷனல் தெரபி போகிறதா? பத்து நிமிடம் அதிலேயே கரையும். உங்களுக்காகக் கூப்பிட்ட நீங்கள், பிள்ளையின் கேஸ் ஹிஸ்டரியை இன்னொரு முறை ஒப்பித்துவிட்டு போனை வைப்பீர்கள்.

இதைத் தடுக்க முதல் அரை நிமிடம் உங்கள் கையில் இருக்க வேண்டும். இந்த மாதிரி எழுதி வைத்துக்கொண்டு படித்தே சொல்லலாம், தப்பில்லை:

"மேடம், என் பையனுக்கு ஏழு வயசு, ஆட்டிசம். அவனுக்கு தெரபி போயிட்டிருக்கு, அதப் பத்திப் பேச வரல. எனக்காகப் பேசணும். மூணு வாரமா ராத்திரி தூக்கமே இல்ல. நேத்து கோவத்துல அவன அடிச்சிட்டேன். பத்து நிமிஷம்தான் பேச முடியும். நடுவுல கட் ஆனா நான் திரும்பக் கூப்பிடும்போது எதச் சொன்னா உங்களுக்குத் தெரியும்?"

இதில் ஒவ்வொரு துண்டுக்கும் வேலை இருக்கிறது. 'தெரபி போயிட்டிருக்கு' என்றதும் பிள்ளையைப் பற்றிய கேள்விகள் குறையும். 'மூணு வாரமா' என்பது முக்கியம், ஏனென்றால் எத்தனை நாளாக என்பதையும் வைத்துத்தான் அடுத்த அடுக்குக்கு அனுப்புவதா என்று முடிவு செய்வார்கள். அடித்ததைச் சொல்லப் பலர் கூசுவார்கள். ஆனால் அதை மறைத்தால் 'கொஞ்சம் ஸ்ட்ரெஸ்' என்று எழுதிக்கொண்டு மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்து வைத்துவிடுவார்கள். கடைசிக் கேள்வி, அழைப்பு அறுந்தால் முதலிலிருந்து கதை சொல்லும் கொடுமையைக் குறைக்க. அடையாள எண்ணோ, எடுத்தவர் பெயரோ, எது தருகிறார்களோ குறித்துக்கொள்ளுங்கள். திரும்பக் கூப்பிடும்போது வேறொருவர் எடுக்கலாம்.

"உங்களுக்குன்னு கொஞ்சம் நேரம் ஒதுக்குங்க மேடம்" என்ற அறிவுரையும் வரும். கோபப்படாமல், "அந்த நேரத்துல பையன யாரு பாத்துப்பா? அத எப்படி ஏற்பாடு செய்யறதுன்னு சேந்து யோசிக்கலாமா?" என்று திருப்பிக் கேளுங்கள். நல்ல ஆலோசகர் என்றால் இங்கேதான் தெரியும். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யாரால் எத்தனை மணிக்கு அரை மணி நேரம் பார்த்துக்கொள்ள முடியும் என்று கணக்குப் போடத் தொடங்குவார். அப்படி இல்லாதவர் இசை கேட்கச் சொல்வார்.

இந்தச் சேவையால் ஆகாதவற்றையும் தெரிந்துகொண்டால் ஏமாற்றம் குறையும். ஏடிஹெச்டிக்குத் தரப்படும் மெத்தில்ஃபெனிடேட் இந்தியாவில் அட்டவணை எக்ஸ், அதாவது விற்பனைக்குக் கடும் கட்டுப்பாடு உள்ள மருந்து. 2020-இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்படி அட்டவணை எக்ஸ் மருந்துகளைத் தொலைபேசி, காணொலி ஆலோசனையில் எழுதக் கூடாது. பிள்ளையின் மாத்திரை தீர்ந்துவிட்டது என்று கூப்பிட்டுப் பயனில்லை, நேரில்தான் போக வேண்டும். தெரபி மையம், மாற்றுத்திறனாளிகளுக்கான யூடிஐடி அடையாள அட்டை, பள்ளிச் சேர்க்கை போன்றவற்றுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம்தான் சரியான வாசல்.

பழைய பட்டியல்களில் கிரண் என்ற பெயரில் வேறொரு இலவச எண்ணும் இருக்கும். அது 2020-இல் மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தொடங்கியது. எந்த எண்ணையும், கஷ்டமில்லாத ஒரு நாளில் சும்மா ஒரு முறை அடித்துப் பார்க்காமல் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டாதீர்கள். தற்கொலை எண்ணம் வந்தால் 14416-உடன், சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகாவின் 044-24640050 எண்ணும் உண்டு. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 108 அல்லது 112.

இரண்டாவது, தேடுபவர்கள் கண்ணில் அதிகம் படாத ஒன்று. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட மனஅழுத்தப் படப் புத்தகம். ஆங்கிலத்தில் 'டூயிங் வாட் மேட்டர்ஸ் இன் டைம்ஸ் ஆஃப் ஸ்ட்ரெஸ்' என்று தேடினால் கிடைக்கும். பிடிஎஃப் இலவசம், பயிற்சிகளின் ஒலிப்பதிவும் அதே பக்கத்தில் இலவசம். பக்கத்துக்கு ஒன்றிரண்டு வாக்கியம், மீதி படம். ஐந்து பகுதிகள்: தரையில் ஊன்றுதல், கொக்கியிலிருந்து விடுபடுதல், நம் விழுமியங்களின்படி நடத்தல், கருணை, கஷ்டமான எண்ணங்களுக்கும் மனசில் இடம்கொடுத்தல். ஆட்டிசம் பெற்றோருக்காக எழுதப்பட்டதல்ல. போரில் இடம்பெயர்ந்தவர்களை, முகாமில் வாழ்பவர்களை மனசில் வைத்து உருவானது. அதனாலேயே நம் வீடுகளுக்குப் பொருந்துகிறது என்று சொன்னால் மிகையில்லை: தப்பி ஓட முடியாத, நாளைக்கும் இப்படியே இருக்கப்போகிற கஷ்டத்தோடு எப்படி இருப்பது என்பதுதான் அதன் கேள்வி.

முதல் பகுதிக்காகவே இதை இறக்கிக்கொள்ளலாம். காலை 7.40, பள்ளி வேன் ஹாரன் அடிக்கிறது. சாக்ஸின் தையல் விரலில் உறுத்துகிறது என்று பிள்ளை மூன்றாவது முறை கழற்றி எறிந்து தரையில் புரள்கிறது. உங்கள் கை ஓங்குவதற்கும் இறங்குவதற்கும் நடுவில் உள்ள நான்கு நொடிக்கான பயிற்சி இது. மூச்சை மெதுவாக, முழுக்க காலியாகும்வரை வெளியே விடுவது. பாதங்களைத் தரையில் அழுத்துவது. பிறகு சுற்றிலும் பார்ப்பதையும் கேட்பதையும் எண்ணுவது. கண்ணை மூட வேண்டியதில்லை, உட்கார வேண்டியதில்லை. பிள்ளையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே செய்யலாம்.

இதில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. "செஞ்சு பாத்தேன், கோவம் போகவே இல்லையே" என்பார்கள். போகாது. இது புயலை நிறுத்தும் பயிற்சி அல்ல, புயல் ஓயும்வரை மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும் பயிற்சி. புத்தகமே அதைத் தெளிவாகச் சொல்கிறது. கோபம் இருக்கும், கை மட்டும் இறங்காது. இன்னொரு தவறு, கலவரம் நடக்கும்போது முதல் முறையாக முயல்வது. நீச்சலை வெள்ளத்தில் கற்க முடியாது. பல் தேய்க்கும்போது, பால் பொங்கக் காத்திருக்கும்போது, ஸ்பீச் கிளாஸ் வாசல் நாற்காலியில் என்று தினம் மூன்று முறை, ஒரு முறைக்கு ஒரு நிமிடம், இரண்டு வாரம் பழகினால்தான் 7.40-க்குக் கைகொடுக்கும்.

ஒலிப்பதிவின் மொழி உங்களுக்கு ஒட்டவில்லையென்றால் அதை விட்டுவிடுங்கள். நீங்களோ, உங்கள் அக்காவோ, நம்பிக்கையான தோழியோ கைப்பேசியில் பதிந்துகொள்வதே மேல். மேடைத் தமிழ் வேண்டாம், வீட்டுப் பேச்சே போதும். மாதிரிக்கு:

"இப்ப உள்ள புயல் அடிக்குது. அடிக்கட்டும். மூச்ச மெதுவா வெளிய விடு, முழுசா காலியாகுற வரைக்கும். தானா உள்ள வரும். ரெண்டு பாதத்தையும் தரையில அழுத்து. தரை சில்லுன்னு இருக்கா, சூடா இருக்கா? தோள கீழ இறக்கு. கண்ணுக்குத் தெரியுற அஞ்சு பொருள் சொல்லு. காதுல விழுற சத்தம் மூணு சொல்லு. நீ எங்க இருக்க? பக்கத்துல யாரு இருக்கா? அடுத்து கையில எடுக்க வேண்டிய ஒரே ஒரு வேல என்ன?"

வாக்கியத்துக்கு வாக்கியம் ஐந்து நொடி இடைவெளி விட்டால் மொத்தம் இரண்டு நிமிடம்கூட வராது. பின்னணி இசை சேர்க்காதீர்கள். பிள்ளைக்குச் சத்தம் ஆகாது என்றால் உங்களுக்கு அமைதி தரும் இசையே அங்கே அடுத்த அலறலுக்குக் காரணமாகிவிடும். ஒரு காதில் மட்டும் இயர்போன், மற்றொரு காது பிள்ளைக்கு.

மனசைப் பிடித்து இழுக்கும் எண்ணத்தைத்தான் இரண்டாம் பகுதி கொக்கி என்கிறது. நம் மாதிரிப் பெற்றோர் எல்லோருக்கும் பொதுவான கொக்கி: "எனக்கப்புறம் இவன யாரு பாத்துப்பா?" எண்ணம் கொக்கி போட்டதைக் கவனி, அதற்குப் பெயர் வை, செய்துகொண்டிருந்த வேலைக்குத் திரும்பு என்று மூன்று படி சொல்கிறது புத்தகம். 'இதோ எதிர்காலத்தைப் பத்தின கொக்கி வந்திருக்கு' என்று மனசுக்குள் சொல்லிவிட்டு, கையில் இருக்கும் பாத்திரத்தைத் தேய்ப்பது. இரவுக்கு இது நல்ல மருந்து. ஆனால் இது வெறும் எண்ணம் மட்டும் அல்ல, காகித வேலையும்கூட என்பதை எந்தப் பொதுவான சுயஉதவியும் சொல்லித் தராது. தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999-இன் கீழ் ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு 18 வயதுக்குப் பிறகு சட்டப்படியான பாதுகாவலரை, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு நியமிக்கிறது. அதே அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீடு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு. ஏடிஹெச்டி மட்டும் இருந்தால் இவை பொருந்தாது. பகலில் மாதம் ஒரு காகிதம் நகர்த்துங்கள், இரவில் கொக்கியைக் கழற்றுங்கள். இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் பயம் அப்படியே இருக்கும்.

மூன்றாம் பகுதியில் ஓர் இடறல். கஷ்டமான சூழலில் மூன்று வழி என்கிறது: விலகு, மாற்ற முடிந்ததை மாற்றி, மாற்ற முடியாத வலியோடு விழுமியங்களின்படி வாழ், அல்லது கைவிட்டுவிடு. விலகு என்ற சொல்லைப் படித்ததும் ஒரு தாய்க்குக் குற்ற உணர்வு வரும். பிள்ளையை விட்டு எங்கே விலகுவது? அதை இப்படிப் படித்துக்கொள்ளலாம்: மொட்டை மாடி விசேஷத்தில் ஸ்பீக்கர் பக்கத்தில் பிள்ளை காதைப் பொத்தினால் சாப்பிடாமலே கிளம்புவது விலகல். ஒவ்வொரு வாரமும் பெற்றவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் தெரபிஸ்ட்டை மாற்றுவது விலகல்.

நான்காவதான கருணைப் பகுதி, கையை நெஞ்சில் வைத்து நமக்கு நாமே இதமாகப் பேசச் சொல்கிறது. பலருக்குக் கூச்சமாக இருக்கும். 'செல்லம் குடுத்தே கெடுத்துட்ட' என்று பத்து வருஷமாக மாமியார் குரலில் கேட்டுப் பழகிய காதுக்கு வேறொரு குரல் பழக நாளாகும். பிடிக்கவில்லையென்றால் தாண்டிப் போங்கள், புத்தகம் கோபித்துக்கொள்ளாது. ஐந்தாவது பகுதி வானத்தையும் வானிலையையும் உவமையாகக் காட்டுகிறது. நன்றாக இருக்கிறது, ஆனால் தூங்கி எழுந்த ஒரு நாளில் படிக்க வேண்டியது.

பாதி தேறியது, அதே உலக சுகாதார நிறுவனத்தின் பராமரிப்பாளர் திறன் பயிற்சி. வளர்ச்சித் தாமதமோ குறைபாடோ உள்ள 2 முதல் 9 வயதுப் பிள்ளைகளின் வீட்டாருக்கானது. நேரில் நடத்தினால் ஒன்பது குழு அமர்வும் மூன்று வீட்டு வருகையும். 2022-இல் இணைய வடிவமும் வந்தது, இலவசம், நம் வேகத்தில் போகலாம். விளையாட்டையும் குளிப்பது, சாப்பிடுவது போன்ற அன்றாட வேலைகளையும் வைத்தே பேச்சுத்தொடர்பு வளர்ப்பது, ஒரு நடத்தை எதற்காக வருகிறது என்று துப்பறிவது, இவைதான் இதன் மையம். பெற்றவர் மனநலமும் ஒரு பகுதி. மூச்சுப்பயிற்சியைவிட இதுவே மனசை லேசாக்கும் என்பது நம் கட்சி, ஏனென்றால் பாதிக் கவலை 'என்ன செய்வதென்றே தெரியவில்லை' என்பதிலிருந்து வருகிறது. தடை என்னவென்றால் இது பாடம். பாடத்துக்கு உட்கார வேண்டும். ஏடிஹெச்டி குடும்பத்தில் ஓடும் என்பதால், பிள்ளைக்கு இருந்தால் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருக்கவும் வாய்ப்பு அதிகம். நீண்ட பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டுத் தன்னைத் திட்டிக்கொள்பவர்கள் அவர்களே. வரிசையாக முடிக்க வேண்டாம். வீட்டில் இன்றைக்கு எரியும் விஷயம் எதுவோ அந்தப் பாடத்தை மட்டும், அம்மாவும் அப்பாவும் சேர்ந்து, ஒரு வாரத்துக்கு ஒன்று.

தொடர் நாள் கணக்கு காட்டும் தியானச் செயலிகளை நாம் பரிந்துரைக்காததற்கும் இதே காரணம்தான். '23 நாள் தொடர்ச்சி அறுந்துவிட்டது' என்று செயலி சொல்லும் நாள், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த நாளாக இருக்கும். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் அறிவிப்புகளை அணைத்துவிட்டு ஐந்து நிமிடத்துக்குக் குறைவான பயிற்சிகளை மட்டும் இணையமில்லாமல் ஓடும்படி இறக்கி வையுங்கள். அரட்டை இயந்திரங்கள் நள்ளிரவில் கொட்டித் தீர்க்க உதவும். ஆனால் பிள்ளையின் பெயர், பள்ளி, மருத்துவ அறிக்கையின் படம், மெல்ட்டவுன் (பிள்ளை கட்டுமீறி வெடித்து அழும் நேரம்) வீடியோ எதையும் அதில் ஏற்றாதீர்கள். செத்துவிடலாம் போலிருக்கிறது என்று தட்டச்சு செய்யத் தோன்றினால் அந்த நேரத்தில் அடிக்க வேண்டியது 14416.

வாட்ஸ்அப் பெற்றோர் குழு மருந்தும் விஷமும் ஒரே குப்பியில். எந்த சலூனில் மெஷின் சத்தமில்லாமல் முடி வெட்டுவார்கள் என்று அங்கேதான் தெரியும். 'ஆறே மாதத்தில் குணம்' என்ற விளம்பரமும் அங்கேதான் வரும். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சை பரிந்துரைக்கத்தக்கதல்ல என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022-இலேயே சொல்லிவிட்டது. உடலிலிருந்து உலோகத்தை இறக்கும் கீலேஷன் ஆபத்தானது. இவற்றை விற்பவரை நீக்காத குழுவிலிருந்து நீங்கள் விலகுங்கள். நல்ல குழுவையும் ஒலியடக்கி வையுங்கள்.

பணம் கட்டி இணையவழி ஆலோசனை எடுப்பவர்கள் முன்பதிவுக்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டிருந்தால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு எண் என்ன? 50 நிமிடத்தை இரண்டு 25-ஆகப் பிரிக்க முடியுமா? பிள்ளைக்குத் திடீரென்று உடம்பு முடியாமல் போய் ரத்து செய்தால் கட்டணம் போகுமா? மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலின் தொனியிலேயே அவருக்கு நம் மாதிரிக் குடும்பங்கள் பழக்கமா இல்லையா என்று தெரிந்துவிடும்.

எதைத் தேர்ந்தாலும், தொடங்கும் முன் மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 வினாத்தாளை ஒரு முறை போட்டு மதிப்பெண்ணைக் குறித்து வையுங்கள். கடந்த இரண்டு வாரம் பற்றி ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. 10-ஐத் தொட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நிலை. தூக்கம், களைப்பு, பசி, கவனம் பற்றிய நான்கு கேள்விகளில் நம் மாதிரிப் பெற்றோர் எப்போதுமே அதிகம் வாங்குவார்கள், பிள்ளை தூங்காத வீடு அப்படி. அதனால் மொத்தத்தோடு 1, 2, 6 ஆகிய மூன்றையும் தனியாகப் பாருங்கள்: எதிலும் ஆர்வமின்மை, சோர்ந்த மனம், நான் தோற்றுவிட்டேன் என்ற எண்ணம். ஒன்பதாவது, சாவைப் பற்றியது. அதில் 0 தவிர எது வந்தாலும், மொத்தம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அன்றைக்கே 14416-ஐக் கூப்பிட வேண்டும். ஆறு வாரம் கழித்து மறுபடி போட்டால் எடுத்த உதவி வேலை செய்கிறதா என்று தெரியும்.

கடைசியாக ஒரு நடைமுறைச் சிக்கல். இவை எல்லாம் இருக்கும் கைப்பேசிதான் பிள்ளையின் கார்ட்டூன் பெட்டியும். நீங்கள் ஒலிப்பதிவைத் திறந்த நொடியில் கை நீளும், பிடுங்கினால் இன்னொரு மெல்ட்டவுன். மேசையில் தூங்கும் பழைய கைப்பேசி ஒன்றை எடுங்கள். சிம் வேண்டாம், யூடியூபை முடக்குங்கள். புத்தகத்தின் பிடிஎஃப், உங்கள் குரலில் பதிந்த இரண்டு நிமிடம், பிஎச்க்யூ தாளின் படம், இவ்வளவும் போதும். திரை வெளிச்சத்தைக் குறைத்து, இயர்போனைச் சுற்றி, பிள்ளையின் கை எட்டாத பரண் தட்டில் அரிசி டப்பாவுக்குப் பின்னால் வையுங்கள். வாரம் ஒரு முறை, ஞாயிறு காலை, சார்ஜ் போட மறக்காதீர்கள்.